பாதி வேலை முடிந்த பழைய கான்டெஸாவை விற்கிறீங்களா? முதல்ல ஆர்.சி. புக்கை எடுத்துப் பாருங்க!

கறுப்பு பெயின்ட், அகலமான டயர், வேற வண்டியோட இன்ஜின். டிங்கரிங் வேலை மட்டும் பாக்கி. இப்படி ஒரு கான்டெஸா திண்டுக்கல்லில் ஏதாவது பட்டறை வாசலில் நின்றால், விலை கேட்க ஆள் வரத்தான் செய்யும். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் அறிமுகப்படுத்தி 2002 வரை தயாரித்த இந்த காரை 'இந்தியாவின் மசில் கார்' என்றே ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். விற்பவருக்குத்தான் தலைவலி.

இன்ஜின் மாத்தினா என்ன தப்பு?

ஆர்.சி.யில் இருக்கும் விவரமும் வண்டியும் ஒத்துப்போக வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கேரளா தொடர்பான வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அனுமதியில்லாமல் மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். கலர் மாற்றினால்கூட ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

'வின்டேஜ்' என்று சொல்லித் தப்பிக்கலாமா? முடியாது. 2021 விதிப்படி அதற்கு 50 வயது ஆக வேண்டும். முதல் கான்டெஸாவே 2034-ல்தான் அந்த வயதைத் தொடும். அப்போதும் சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது.

ஆர்.சி. முடிஞ்சு போச்சே?

தனியார் கார் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதன்பிறகு வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு இந்தக் கட்டணம் 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. எல்லா கான்டெஸாவும் இந்தக் கணக்கில்தான் வரும். அதுவரை ரோட்டில் ஓட்டிக் காட்டாமல், லாரியில் ஏற்றிக் கொண்டுபோவதே நல்லது.

டெலிவரி நோட் போதுமா?

பெரிய ஆபத்தே இங்கதான். காசு வாங்கி, டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போட்டதும் 'நம்ம வேலை முடிஞ்சது' என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அடுத்தடுத்து பலரிடம் கைமாறிய ஒரு கார் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டியை வாங்கியவர் ஆறு மாதம் பட்டறையில் போட்டு வேலை பார்த்து, பெயர் மாற்றாமலே ரோட்டில் இறக்கினால், மாட்டப்போவது பழைய ஓனர்தான்.

அதனால் படிவம் 29-ஐ 14 நாளுக்குள் கொடுத்து விற்பனையைத் தெரிவிக்க வேண்டும். படிவம் 30 பெயர் மாற்றத்துக்கானது. பழைய லோன் இருந்தால் பேங்க் என்.ஓ.சி. வேண்டும். எந்த இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது, அதன் நம்பர் என்ன, எந்த பார்ட்ஸ் இல்லை, எங்கே துரு என்று எழுதி இருவரும் கையெழுத்திடுவதும் நல்லது. 'இருக்கிற கண்டிஷனில்' என்ற ஒற்றை வரியை நம்பித்தான் பல பஞ்சாயத்துகள் வருகின்றன.

வண்டி தேறவே தேறாது, பார்ட்ஸாகத்தான் போகும் என்றால், பிரிக்கும் முன்பே ஆர்.டி.ஓ.விடம் சொல்லி ஆர்.சி.யை ரத்து செய்துவிடணும்.