தோழமை வளர்க்கும் ஆட்டம்

வெற்றியே விளையாட்டின் பயன் என்பர் சிலர். அக்கூற்று முற்றும் பொருந்தாது என்பதற்கு, பேஸ்பாலின் இளவலாகிய சாஃப்ட்பால் ஆட்டமே சான்றாகும்.

1887-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் சிகாகோ நகரில், படகுக் கழகம் ஒன்றில் கூடியிருந்த நண்பர்களிடையே அவ்வாட்டம் தோன்றியது. ஜார்ஜ் ஹான்காக் என்பார் குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கினார். துடைப்பக் கோல் மட்டையாயிற்று. பரிசு கருதியன்று, பொழுது இனிது கழியவே அவர்கள் ஆடினர்.

அவ்வியல்பு இன்றும் மறையவில்லை. அமெரிக்க நகரப் பூங்காக்களில், மாலை வேளைகளில், ஆசிரியரும் தச்சரும் எழுத்தரும் ஓரணியாய் நின்று ஆடுகின்றனர். அவர்கள் பெரிதும் விரும்பும் ஆட்டவகையில் பந்து வில்போல் வளைந்து மெதுவாக வரும். ஆதலின் முதியோரும் புதியோரும் அதனை அடித்தல் கூடும். சிகாகோவிலோ, 16 அங்குலச் சுற்றளவுள்ள பெரிய பந்தை வெறுங்கையாலேயே பிடிப்பர். கையுறை வாங்க இயலாதவரும் அங்கு ஆடலாம்.

போட்டியின்றித் திறமை வளராது என்பது உண்மையே. ஆயினும், திறமையுடையோர்க்கே களம் உரியது என்றால், ஏனையோர் வேலிக்கு வெளியே வேடிக்கை பார்ப்போராகவே நின்றுவிடுவர். பந்தைத் தவறவிட்டவனை எள்ளி நகைக்கும் அணி அன்றைய ஆட்டத்தை வெல்லலாம். ஆனால் ஒரு தோழனை இழந்துவிடும். "அடுத்த பந்தைப் பிடிப்பாய்" என்று தட்டிக்கொடுக்கும் அணியோ, தோற்றாலும் மறுவாரம் குறைவின்றிக் கூடும்.

ஓட்டக் கணக்குச் சில நாளில் மறந்துபோகும், தோழமை நிலைக்கும். பள்ளிக் களத்தில் அணி பிரிக்கும் மாணவர், இறுதியில் எஞ்சி நிற்பவரையும் மனமுவந்து அழைத்துக்கொள்வாராக.