பழுப்பேறிய டயலை நம்பலாமா?

டயலின் நிறம் மங்கிப்போனால் கைக்கடிகாரத்தின் விலை குறையத்தான் வேண்டும். ஆனால் பழைய ரோலக்ஸ், ஒமேகா கடிகாரங்களைச் சேகரிப்பவர்களின் உலகத்தில் நடப்பது நேர்மாறு. 1950, 60களில் கறுப்பாக வெளிவந்த டயல் வெயிலிலும் ஈரத்திலும் கிடந்து காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டால், அதற்கு 'டிராபிகல் டயல்' என்று பெயர் வைத்துக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். அன்றைய பெயிண்டில் இருந்த குறைதான் இன்றைக்கு அழகு!

குறைக்கு விலை உண்டென்றால் குறையைச் செய்து கொடுக்கவும் ஆள் இருப்பார்கள் அல்லவா? அடுப்பில் வைத்துச் சூடாக்குவது, புற ஊதா விளக்கின் கீழே போட்டு வைப்பது என்று பல வழிகள் இருக்கின்றன. ஆகவே நிறம் மட்டும் எதற்கும் சாட்சி ஆகாது. சொல்லப்போனால் நிறத்தைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது, ஏன் நிறம் மாறியது என்பது. ரோலக்ஸ் டேடோனா 16520 நல்ல உதாரணம். 1990களின் நடுவில் வந்த சில கறுப்பு டயல்களில், மூன்று சிறு வட்டங்களைச் சுற்றியுள்ள வெள்ளி நிற வளையம் மட்டும் பழுப்பாகிறது. அதன்மேல் பூசிய ஸாபான் என்ற வார்னிஷ் சரியாகப் பாதுகாக்காததே காரணம். ஏல நிபுணர் ஒஸ்வால்டோ பாட்ரிட்ஸியின் பெயரால் இதை 'பாட்ரிட்ஸி டயல்' என்கிறார்கள். எந்தக் காலம், எந்த இடம், என்ன காரணம் என்ற மூன்றுக்கும் இங்கே பதில் இருக்கிறது.

அடுத்தது இருட்டில் ஒளிரும் பூச்சு. 1960களின் தொடக்கம் வரை பெரும்பாலும் ரேடியம், பிறகு 1990கள் வரை டிரிடியம். டிரிடியத்தின் அரை ஆயுள் 12 ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். 1965ல் செய்த டயல், விளக்கைக் காட்டி அணைத்த பிறகும் நெடுநேரம் பச்சையாக மின்னினால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். முள்ளில் உள்ள பூச்சும் டயலில் உள்ள பூச்சும் ஏறக்குறைய ஒரே வயதைச் சொல்ல வேண்டும். ரேடியம் முள் பல வருடம் ஓடாமல் நின்ற இடத்தில் டயலில் நிழல்போல ஒரு தழும்பு விழுந்திருக்கும். அடுப்பு இப்படி ஓர் இடத்தை மட்டும் பார்த்துச் சுடாது!

இதெல்லாம் பெரிய இடத்துக்குத் தெரியாதா என்று கேட்கலாம். 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் நடத்திய ஏலத்தில், பழுப்பு டயல் கொண்ட 1957ஆம் ஆண்டு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 30 லட்சம் ஸ்விஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. மதிப்பீடு 80,000 முதல் 1,20,000 வரைதான். வாங்கியது ஒமேகாவின் அருங்காட்சியகம். 2023ல் அதே ஒமேகா, அது பல கடிகாரங்களின் பாகங்களைக் கோத்துச் செய்தது என்று அறிவித்தது. தன் முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு அதில் பங்கு இருந்ததாகவும் சொன்னது.

டயல் உண்மையாகவே பழுத்திருந்தாலும் அது அந்தக் கடிகாரத்தில் பிறந்ததுதானா என்பது தனிக் கேள்வி. டயல் படத்தை மட்டும் காட்டி, பின்மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் எந்திரத்தையும் அதன் எண்ணையும் காட்டத் தயங்குகிறவரிடம், பழுப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காமல் இருப்பதே நல்லது.