அவர்களே தீர்த்துக்கொள்ளட்டுமா?

‘குழுவில் யார் உழைத்தார், யார் ஏய்த்தார் என்பதை மாணவர்களே பேசித் தீர்க்கட்டும், அதற்கும் கணினியா?’ என்று கேட்பவர்கள், இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். அட்டையில் நான்கு பெயர்கள் இருக்கும். இரவெல்லாம் விழித்து அடித்தது ஒருத்தியாக இருப்பாள். நண்பர்களைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வராது. அந்த மௌனத்தை முதிர்ச்சி என்று நாம் எடுத்துக்கொள்வது அநியாயம்.

ஆள் கூடக்கூடத் தலைக்கு இழுக்கும் விசை குறைகிறது என்று, கயிறு இழுக்கவைத்துப் பார்த்த ஆய்வாளர் ரிங்கல்மான் 1913-இலேயே எழுதிவிட்டார். 1979-இல் உளவியலாளர் லட்டானே குழுவினர் கைதட்டலிலும் கூச்சலிலும் அதையே கண்டார்கள். அவரவர் பங்கு தனியே தெரியும் என்றானதும் அந்தச் சோம்பல் அடங்கியதைப் பிந்தைய சோதனை காட்டியது.

அறிக்கையைக் கூகுள் டாக்ஸில் சேர்ந்து எழுதினால், அதன் திருத்த வரலாறு அந்தப் பங்கைத்தான் காட்டுகிறது. மூன்றாவது வாரமே ஆசிரியர் அதைத் திறந்தால், ஒதுங்கி நிற்பவனைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். அவனிடம் மடிக்கணினியே இல்லாமலும் இருக்கலாம். எழுத்துகளை எண்ணி மதிப்பெண் போடக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன்; போனில் யோசனை சொன்னவள் அதில் பதிவாக மாட்டாள். ஆனால் கையில் ஒரு தடயமும் இல்லாமல் ஆசிரியர் அந்தப் பேச்சை எங்கிருந்து தொடங்குவார்?