பந்தியில் எழும் வினாக்கள்

பாலும் தயிரும் நெய்யும் மோரும் ஒழித்து, நிலத்தில் விளைவனவற்றையே உண்டு வாழத் துணிந்தோர் நம் கலாசாலையில் மிகச் சிலர். எண்ணுதற்கு ஒரு கைவிரல்களே போதும். எனினும், அச் சிலரை நோக்கி எழும் வினாக்களுக்கோ அளவில்லை. நாமும் அச் சிலரைச் சேர்ந்தவராதலின், விடுதி உண்டிச்சாலையிற் சோற்றைப் பிசையுமுன் விடையிறுக்கும் கடன் நாடோறும் நமக்கு நேர்கின்றது. "உடம்புக்கு வலு எங்கிருந்து வரும்?" என்பார் ஒருவர். "கத்தரிக்காய்க்கு உயிர் இல்லையோ?" என்பார் மற்றொருவர். "காலில் இருப்பது தோற்செருப்பு அன்றோ?" என்று குனிந்து பார்ப்பார் மூன்றாமவர். நான்காமவர் ஒன்றும் வினவார். தயிர்க் கிண்ணத்தை மெல்ல நம்மருகே நகர்த்திவிட்டுப் பந்தி முழுதும் நகைக்குமளவும் காத்திருப்பார். இவற்றை எங்ஙனம் ஏற்பது என்பதுபற்றி நாம் கண்டதையும், நாம் செய்த பிழை ஒன்றையும் இங்கு எழுதத் துணிந்தோம். பாலுண்பாரைத் திருத்துவது இக் கட்டுரையின் நோக்கமன்று.

வினாக்களிற் பாதி பெயரினின்றே பிறக்கின்றன. வீகன் என்னும் ஆங்கிலப் பெயரை 1944ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேயத்து டொனால்டு வாட்சன் என்பாரும் அவர்தம் தோழர் சிலரும் வகுத்தனர். அதனைத் தமிழிற் சிலர் நனிசைவம் என வழங்குகின்றனர். சொல் இனிதே, ஆயின் சைவம் என்பது ஒரு சமயத்தின் பெயருமாகும். கிறிஸ்தவ மாணவர் ஒருவர் பாலை ஒழிப்பின், "நீர் எப்பொழுது சைவராயினீர்?" என்ற கேள்வி எழுகின்றது. சைவ வேளாளர் குடிப்பிறந்தார் ஒழிப்பினோ, "சைவத்துக்கு மேலும் ஒரு சைவமா?" என்று அவர்தம் பாட்டியாரே மூக்கின்மேல் விரல் வைக்கின்றார். ஆதலின், பெயரை விடுத்து, "பால், முட்டை, ஊன் கொள்வதில்லை" என்று நேரே கூறிவிடுதலே எளிதென்பது நம் கருத்து.

நிற்க. வினாவுவார் எல்லாரும் ஒரு தன்மையர் அல்லர். மெய்யாகவே அறிய விரும்பிக் கேட்பார்க்கு மெய்யாகவே விடை கூறல் வேண்டும். நிலக்கடலை நூறு கிராமில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் உண்டு. துவரையும் உளுந்தும் கொள்ளும் காராமணியும் நம் அடுக்களைக்குப் புதியன அல்ல. இட்டலியும் இரசமும் ஆப்பமும் தேங்காய்ப்பாலும் எந்த மாட்டுத் தொழுவத்தையும் நாடி நிற்பன அல்ல. ஆயின் பி12 என்னும் உயிர்ச்சத்தோ பயிருணவில் நம்பத்தக்க அளவிற் கிடைப்பதில்லை. அதனை மாத்திரையாகவேனும், அச்சத்துச் சேர்த்த உணவாகவேனும் கொள்ளுதல் இன்றியமையாதது. இதனை நம்மவருட் சிலர் மறைத்துப் பேசுகின்றனர். மறைத்தல் தகாது. மருத்துவம் பயிலும் நண்பர் ஒருவர் இக்குறையை எடுத்துக் காட்டியபொழுது நாம் நாணினோமேயன்றி வெகுளவில்லை. அன்று முதல் மாத்திரை உண்டு வருகின்றோம்.

கத்தரிக்காயின் உயிரைப் பற்றிக் கேட்பார்க்கும் விடை உண்டு. புல்லும் மரமும் ஓரறிவுயிர் என்பதனைத் தொல்காப்பிய மரபியலே கூறுகின்றது. அதனை மறுப்பதற்கு நாம் யார்? பசுவும் புல்லையே தின்கின்றது. பாலைப் பருகுவோர் புல்லை விட்டவர் அல்லர். தீங்கில்லாமல் வாழ்கின்றோம் என்று நாம் பறைசாற்றவில்லை, குறைத்துக்கொள்ளவே முயல்கின்றோம். செருப்போ, பால் விடுமுன் வாங்கியது, தேயுமட்டும் நடப்போம். இவ்வளவு கூறினாற் போதும். இதற்குமேற் சொல்லாடல் சோற்றை ஆறச்செய்யும்.

"அவ்வளவு இருக்க, பால் என்ன குற்றம் செய்தது?" என்பதே இவற்றுள் மிக நேர்மையான வினா. பசு கன்றீன்றாலன்றிப் பால் சுரவாது. ஏருக்கும் வண்டிக்கும் காளை வேண்டியிருந்த நாளில் ஆண்கன்றுக்கும் உலகில் ஓரிடம் இருந்தது; உழுபொறி வந்தபின் அவ்விடம் பெரும்பாலும் பறிபோயிற்று. இறந்த கன்றின் தோலுள் வைக்கோலைத் திணித்துத் தாயின் முன் நிறுத்திக் கறக்கும் வழக்கத்தை நாட்டுப்புறத்து மாணாக்கர் பலர் கேட்டேனும் இருப்பர். நாம் சிறுபருவத்தில் அதனைக் கண்டோம். அப் பசு அவ் வைக்கோற் பொதியை நக்கிக் கொடுத்தது. நம் ஒழுக்கத்துக்கு அடி அதுவே. பின்னர்ப் படித்த நூல்கள் எல்லாம் அதற்கு அரண் செய்தன. ஆயினும் இதனைப் பந்தியிற் கூறுவதில்லை. பாயசம் உண்டுகொண்டிருப்பார் செவியில் வைக்கோற்கன்றின் கதையை ஓதுதல் விடை கூறல் ஆகாது. அது பழிவாங்கலே ஆகும்.

உண்மைக் காரணத்தைக் கூறாது வேறொன்றைக் கூறித் தப்புவதும் நன்றன்று. இதற்கு ஓர் பழைய சான்று உண்டு. 11ஆம் நூற்றாண்டிற் சிரியா நாட்டில் வாழ்ந்த அபுல் அலா அல் மஅர்ரீ என்னும் அரபுக் கவிஞர், சிறுபருவத்தே அம்மை நோயாற் கண்ணிழந்தவர். ஊனும் பாலும் முட்டையும் தேனும் விடுத்துப் பல்லாண்டு வாழ்ந்தவர். அவரை முதுமைக் காலத்திற் சமயத் தலைவர் ஒருவர் கடிதவாயிலாக விடாது வினவினர். இறைவன் அளித்த உணவை நீர் ஏன் விலக்குகின்றீர் என்பது வினா. அக் கடிதங்களை மார்கோலியத் என்னும் அறிஞர் 1902ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்டனர். கவிஞர் இரக்கத்தைப் பற்றியும் எழுதினர். அதனோடு, தமக்கு வரும் ஆண்டு வருவாய் இருபது தினாருக்குச் சிறிது மிகுதியே எனவும், அதிலும் ஒரு பங்கு ஏவலாளனுக்குப் போகின்றது எனவும் ஒரு காரணத்தைச் சேர்த்துவைத்தனர். வினாவினவர் விடுவரோ? அக் குறை நீங்க நல்லுணவுக்கு நாமே ஏற்பாடு செய்விப்போம் என்று எழுதிவிட்டனர்! அதனை மறுத்தற்குக் கவிஞர் மீண்டும் எழுதுகோலெடுப்பிக்க நேர்ந்தது. "வயிற்றுக்குச் சேரவில்லை" என்று கூறித் தப்பும் நண்பர்கள் இதனை நினைவிற் கொள்க. அடுத்த நாளே சீரகக் கஷாயம் வந்து சேரும்.

காந்தியடிகளின் பெயரும் பந்தியில் அடிபடும். அவர் 1912ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் இருந்தபொழுதே பாலை ஒழித்தவர். 1918ஆம் ஆண்டிற் கடுநோயுற்று நலிந்தபின், கஸ்தூரிபாய் அம்மையாரின் சொல்லுக்கிசைந்து ஆட்டுப்பால் உண்டவர். "காந்தியே குடித்தாரே!" என்று நம்மிடம் வெற்றி முழக்குவார் உளர். குடித்தார்; மெய்யே. விரதத்தின் சொல் பிழைத்தது, பொருள் பிழைத்திலது என்று கூறி மகிழாமல், அதனைத் தம் சரிதையில் ஒரு துன்பமாகவே எழுதிவைத்தார். நம் உறுதியும் ஒருநாள் நோய்ப்படுக்கையில் நெகிழலாம். அதனை இன்றே ஒப்புக்கொள்ளுதலால் நமக்கு இழிவு ஏதும் வந்துவிடாது. பாறைபோல் நிற்பேம் என்று சூளுரைப்பாரிடமே ஊரார் மேன்மேலும் கல்லெறிந்து பார்க்கின்றனர்.

ஏளனம் செய்வாரைப் பற்றி விரிக்க வேண்டா. அவர்க்கு வேண்டுவது விடையன்று, நம் முகம் சிவத்தல். முகம் சிவவாதாயின் மூன்றாம் நாள் வேறொருவர் தலைமுடியைப் பற்றிப் பேசத் தொடங்குவர்.

ஆனால் நம்மவர் செய்யும் ஏளனமோ? பக்கத்து இலையில் உள்ள மீனைக் கண்டு, "பிணம் தின்கின்றீரே" என்று கூறிய ஒருவரை நாம் அறிவோம். அவரே, தம்மை எல்லாரும் துன்புறுத்துகின்றனர் என்று விடுதித் தலைவரிடம் முறையிட்டவரும் ஆவர். ரோமருக்குப் பவுல் அப்போஸ்தலர் வரைந்த நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தை நம் கலாசாலைக் கோயிலிற் பலமுறை வாசிக்கக் கேட்டிருக்கின்றோம். மரக்கறி மட்டும் உண்பார் ஒருபுறமும், எல்லாம் உண்பார் மறுபுறமுமாக ஒரு சபை பிளவுபடுவதை அஞ்சி எழுதிய பகுதி அது. ஒருவரை ஒருவர் இகழ்தலையும் தீர்ப்பிடுதலையும் அவர் இரு சாராருக்கும் விலக்கினர். இருபுறமும் அவ்விலக்கு வேண்டியிருந்தது என்பதே நம் சிந்தனைக்குரியது.

இனி, நாம் செய்த பிழையைக் கூறுவோம்.

இரண்டு கோடை விடுமுறைகளுக்கு முன்னர், உடன் பயிலும் நண்பர் ஒருவர் தாமிரபரணிக் கரையிலுள்ள தம் சிற்றூருக்கு நம்மை அழைத்துச் சென்றனர். நண்பகல் வெயிலில் நடந்து சென்றோம். வாயிலில் கால் வைத்தவுடனே, அவர்தம் அன்னையார் ஒரு செம்பு நிறைய மோர் கொணர்ந்து நீட்டினர். "வேண்டா" என்றோம். அவர் முகம் வாடிற்று. "ஏன் தம்பி, எங்க வீட்டிலே கை நனைக்க மாட்டீங்களோ?" என்று மெல்லக் கேட்டார். நாமோ அதனையும் உண்டிச்சாலை வினாக்களுள் ஒன்றாக எண்ணிப் பசுவைப் பற்றியும் கன்றைப் பற்றியும் ஒரு சிறு சொற்பொழிவே நிகழ்த்தினோம். அவ்வம்மையார் தலையசைத்துக் கேட்டிருந்துவிட்டுச் செம்பை உள்ளே எடுத்துச் சென்றனர். நண்பர் அப்போது ஒன்றும் கூறிலர். மாலையில் ஆற்றங்கரையில் அமர்ந்திருந்தபொழுதே கூறினர்: அவர் பாட்டனார் காலத்தில் அவ்வூர்ப் பெரிய தெருவார் அவர் வீட்டு நீரையும் தொடார், அவர் நீர் வேண்டி நின்றாலோ, செம்பைக் கையிற் கொடாமல் உயரநின்று உள்ளங்கையில் வார்ப்பர். "அம்மாவுக்கு உங்கள் கன்றுக்குட்டி காதில் விழவில்லை, 'வேண்டா' என்றதே விழுந்தது" என்றனர்.

அச்சொல் நம்மை இன்னும் விட்டபாடில்லை. அவ்வூரினின்று சேரன்மாதேவி நெடுந்தொலைவன்று. அங்கே வ.வே.சு. ஐயர் நிறுவிய குருகுலத்திற் பிராமணச் சிறுவர்க்குத் தனியே உணவிட்டமைபற்றி 1924, 1925ஆம் ஆண்டுகளில் மூண்ட பூசல் தமிழ்நாடு முழுவதையும் கலக்கிற்று. அதற்கு முன்னரே, 19ஆம் நூற்றாண்டில் மிஷனெரிமார் பலர், சாதிவேற்றுமை ஒழிந்ததா என்று அறிதற்கு உடனிருந்துண்ணலையே உரைகல்லாகக் கொண்டிருந்தனர். இன்னார் கையால் இன்னார் உண்ணார் என்பதன்மேல் நெடுங்காலம் நின்ற நாடு இது. இங்கே ஒருவர் நீட்டிய கலத்தை விலக்குதல் வெறும் உணவை விலக்குதல் ஆகாது. இங்கிலாந்தில் ஒருவர் தேநீரிற் பால் வேண்டா எனின், அவரைக் கிறுக்கர் என்பர், அவ்வளவே. நம்மூரிலோ அச்சொல்லுக்குப் பின்னே நூற்றாண்டுகள் நின்று பேசுகின்றன. புலால் உண்ணாமையை உயர்குலத்து அடையாளமாக்கி வீடு வாடகைக்கு விடுவார் இன்றும் உளர். அவர்களோடு நம்மையும் ஒருவர் சேர்த்தெண்ணின், "நான் அத்தகையன் அல்லன்" என்று வெகுளுதற்கு நமக்கு உரிமையில்லை. அல்லன் என்பதைக் காட்டவேண்டிய கடன் நம்முடையதே.

எங்ஙனம் காட்டுவது? தானியேல் சரித்திரத்தில் ஒரு குறிப்பு உண்டு. பாபிலோன் அரண்மனையில் அரசனது உணவை மறுத்த அவ்விளைஞர், பொறுப்பிலிருந்த தலைவன் தன் தலைக்கு அஞ்சியதை அறிந்து, அவனுடன் வழக்காடவில்லை; பத்துநாள் பயறும் நீரும் தந்து பாரும் என்று வேண்டினர். மறுத்த வாயாலேயே வேறொன்றைக் கேட்டனர். நம் வாயில் மறுப்பு மட்டுமே இருந்தது, கேட்டல் இல்லை.

சென்ற தை மாதம் மீண்டும் அவ்வூருக்குச் சென்றோம். இம்முறை வாயிற்படியிலேயே, "அம்மா, பசிக்கின்றது, மோர் விடாத கேப்பைக் கூழ் இருக்கின்றதா?" என்று நாமே முந்திக்கொண்டு கேட்டோம். அடுப்பங்கரையில் அவர் அருகே தரையில் அமர்ந்து, சின்ன வெங்காயமும் மிளகாயும் கடித்துக்கொண்டு இரண்டு கும்பா குடித்தோம். மூன்றாவதும் வார்க்க வந்தனர், மறுத்திலோம். குடித்து முடிக்குமளவும் அவர் பாலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கைகழுவ எழுந்தபொழுதே, "அப்போ கருவாட்டுக் குழம்பும் ஆகாதா தம்பி?" என்றார். "ஆகாதம்மா" என்றோம். "நல்லாத்தான் பொழைச்சீங்க போங்க" என்று சிரித்துவிட்டு, நாம் ஊருக்கு எடுத்துச் செல்லுதற்கென்று ஒரு பொட்டலம் வறுத்த நிலக்கடலையைத் தாளில் மடித்துத் தந்தனர். புகைவண்டி திருநெல்வேலி வந்தடையுமுன் நண்பரும் நாமும் அதனைத் தீர்த்துவிட்டோம்.