திறந்து கிடக்கும் குழாய்க் கிணறுகளை உடனே மூடு!

2019 அக்டோபர் 25-ஆம் தேதி மாலை, திருச்சி ஜில்லா மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில், இரண்டு வயதுப் பாலகன் ஒருவன் கைவிடப்பட்ட ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் விழுந்தான். முதலில் மேலே சிக்கியிருந்த குழந்தை பிறகு 88 அடிக்குச் சறுக்கியது. நாலு இரவு நாடே பார்த்துக்கொண்டிருந்தது. 29-ஆம் தேதி விடியுமுன் பிணமாகத்தான் எடுத்தார்கள்.

அந்த நாட்களில் பேசப்பட்ட பேச்சும் நமக்கு நினைவிருக்கிறது. "பெற்றவர்கள் கவனிக்கவில்லை", "அவர்கள் நிலத்துக் குழிதானே" என்றார்கள் சில கனவான்கள். குழந்தை உயிரோடிருக்கிறதா என்றே தெரியாத வேளையில், மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்து வழங்கிய தீர்ப்பு இது! விடிந்தால் காட்டு வேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ போகவேண்டிய தாய், பிள்ளையை இடுப்பில் கட்டிக்கொண்டா களை வெட்டுவாள்? சொந்தக் காட்டில் பிள்ளை ஓடி விளையாடுவது குற்றமா?

குற்றம் எங்கே இருக்கிறது என்பதை, போர் போடும் இடத்தில் நின்று பார்த்த எந்த விவசாயத் தொழிலாளியும் சொல்வான். ரிக் வண்டி வருகிறது. அடிக்கு இவ்வளவு என்று பேச்சு. மேல்மண் சரியாதிருக்க, பாறை தட்டும் வரை கேசிங் பைப் இறக்குகிறார்கள். 600 அடி போயும் புகைதான் வருகிறது, தண்ணீர் வரவில்லை. உடனே என்ன நடக்கிறது? இறக்கிய பைப்பை உருவி எடுக்கிறார்கள். அடுத்த குழிக்கு உதவுமாம்! பைப் போனதும் மேல்மண் உள்ளே சரிகிறது. ஆறரை அங்குல வாய் அகலமாகிறது. அதன்மேல் ஒரு கல், ஒரு சாக்கு, நாலு கூடை மண். முதல் மழையில் மண் அமிழ்ந்துவிடும். பூமியின் மேல் அடையாளமே இல்லாத பொறி தயார்.

600 அடி தோண்டிய கூலியில் நாலைந்து அடிக் காசு போதும், வாய்க்கு ஒரு மூடி போட. ஆனால் வண்டிக்காரர் தன் கணக்கை முடித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். விவசாயியிடமோ காசில்லை. நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கித் தோண்டியவன் அவன். ஏரி குளங்களைத் தூர் வாராமல் விட்டு, ஆக்கிரமிக்க விட்டு, அவனைப் பாதாளத்தில் தண்ணீர் தேட அனுப்பியது யார்? கடன்பட்டுத் தோற்ற சிறு விவசாயியையும், பத்துப் பதினைந்து குழி தோண்டிப் பார்க்கும் பெரும் பண்ணையாரையும் ஒரே தட்டில் வைக்க நாம் தயாரில்லை. பண்ணையார் தன் செலவில் மூடட்டும். ஏழையின் குழியை சர்க்கார் மூடட்டும்.

சட்டமில்லையா? இருக்கிறது. 2010-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தோண்டுவதற்கு 15 நாள் முன்பே எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். வேலை நடக்கும்போது முள்கம்பி வேலியும் அறிவிப்புப் பலகையும் வேண்டும். கேசிங் பைப்பைச் சுற்றித் தரைக்கு மேலே 30 சென்டிமீட்டர், கீழே 30 சென்டிமீட்டர் சிமெண்ட் மேடை கட்டவேண்டும். பைப்பின் வாயை இரும்புத் தகட்டால் பற்றவைத்து அல்லது போல்ட்டு நட்டு முடுக்கி மூடவேண்டும். கைவிட்ட கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்பி, நிரப்பியதாகச் சான்று பெறவேண்டும். 2015-ல் தமிழ்நாட்டு சர்க்காரும் ஊராட்சிகளுக்கென்று தனி விதிகள் வகுத்தது. அதற்கு நாலு வருஷம் கழித்துத்தான் நடுக்காட்டுப்பட்டி!

விதி காகிதத்தில், குழி காட்டில். விழுந்த பிறகு மட்டும் அமைச்சர்கள் முகாமிட்டார்கள், ராட்சச யந்திரங்கள் வந்தன, பக்கத்தில் இன்னொரு குழி தோண்டினார்கள், பாறை இடம் கொடுக்கவில்லை. அங்கே இரவு பகலாக உழைத்த தீயணைப்புத் தொழிலாளிகளையும் மீட்புப் படையினரையும் நாம் குறை கூறவில்லை. அவர்களுக்கு நம் வணக்கம். ஒரு தகட்டுக்கு இல்லாத அக்கறை ஒரு பிணத்துக்கு எப்படி வந்தது என்றுதான் கேட்கிறோம்.

இது தமிழ்நாட்டோடு நிற்கும் சங்கதியுமல்ல. 2006-ல் ஹரியானாவில், குருக்ஷேத்திரம் அருகே விழுந்த சிறுவனை ராணுவ ஜவான்கள் பக்கவாட்டில் வழி செய்து உயிரோடு மீட்டார்கள். நாடே கைதட்டியது. கைதட்டல் ஓய்ந்தது, குழிகள் அப்படியே கிடந்தன. 2019 ஜூனில் பஞ்சாப், சங்ரூர் ஜில்லாவில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து நூறு மணி நேரத்துக்கு மேல் உள்ளே கிடந்து மாண்டது. அந்தக் குழியின் மேல் இருந்தது வெறும் துணி!

மில் தொழிலாளித் தோழர்களும் இதை ஊர்ப்புற விவகாரம் என்று விட்டுவிடக் கூடாது. மில் காம்பவுண்டில், லைன் வீடுகளின் பின்புறத்தில், மனை போட்டு விற்ற நிலத்தில் வறண்ட போர் கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சங்கத்தின் மூலம் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

ஊரில் எந்தக் காட்டில் எந்தக் குழி திறந்திருக்கிறது என்பது தாசில்தாருக்குத் தெரியாது. ஆடு மேய்ப்பவருக்கும் களை வெட்டுபவருக்கும் தெரியும். சர்வே நம்பரோடு பட்டியல் எடுப்போம். மே 1 கிராம சபையில் அதை வைப்போம். ஒவ்வொரு குழியையும் எந்தத் தேதிக்குள், யார் செலவில் மூடுவது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்து, நகல் வாங்கிய பிறகே கூட்டத்திலிருந்து எழுந்திருப்போம்.