மேக்ரோ: சோம்பேறித்தனமா, சாமர்த்தியமா?

"மேக்ரோ வச்சு ப்ரோகிராம் அடிக்கிறதும் காப்பி அடிக்கிறதும் ஒண்ணுதான்" என்று லேபில் சிலர் சொல்கிறார்கள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மேக்ரோ என்றால் என்ன? நாம் தட்டுகிற விசைகளை எடிட்டர் வரிசையாக ஞாபகம் வைத்துக்கொண்டு, கேட்கும்போது அதே வரிசையில் தானே தட்டும். அவ்ளோதான். நோட்பேட் பிளஸ் பிளஸ்சில் செய்து பாருங்கள். சில வரிகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மேக்ரோ மெனுவில் ரெக்கார்டிங்கைத் தொடங்குங்கள். வரிகளை கட் செய்து, நெளிவு அடைப்புக்குறியைத் திறந்து, என்டர் தட்டி, பேஸ்ட் செய்து, மறுபடி என்டர் தட்டி, குறியை மூடுங்கள். ரெக்கார்டிங்கை நிறுத்திப் பெயர் வைத்துச் சேமியுங்கள். அடுத்த முறை வரிகளைத் தேர்ந்தெடுத்து மேக்ரோவை ஓடவிட்டால் பிளாக் தயார்! திறந்த குறியை மூட மறக்கிற பேச்சே இல்லை.

இது புதுசும் இல்லை. 1976-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான ஈமேக்ஸ் எடிட்டரின் பெயரே 'எடிட்டர் மேக்ரோஸ்' என்பதன் சுருக்கம்தான்.

ஒரு அடைப்புக்குறிக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பீர்கள். சி பிளஸ் பிளஸ்சில் இஃப்-க்குக் கீழே குறி இல்லாமல் இரண்டு வரி எழுதினால், முதல் வரி மட்டும்தான் அந்த இஃப்-க்குக் கட்டுப்படும். இரண்டாவது வரி எப்போதும் ஓடும். ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் மென்பொருளிலேயே இப்படி ஒரு பிழை இருந்தது. சோதனை தோற்றால் வேறு இடத்துக்குத் தாவச் சொல்லும் 'கோ-டு' வரி, குறி போடாத இஃப்-க்குக் கீழே தவறுதலாக இரண்டு முறை இருந்தது. இரண்டாவது 'கோ-டு' எப்போதும் ஓடியதால், பாதுகாப்பான இணைப்பின் கடைசிச் சோதனை நடக்காமலே 'எல்லாம் சரி' என்று பதில் போனது. 2014 பிப்ரவரியில்தான் அதைத் திருத்தினார்கள். இரண்டு வரியையும் ஒரே பிளாக்குக்குள் வைத்திருந்தால் இந்தக் கோளாறு வந்திருக்காது.

"கையால அடிச்சாத்தான் பழகும்" என்று சார் சொல்வதும் நியாயம்தான். பரீட்சைத் தாளில் மேக்ரோ ஓடாதே! அதனால் முதலில் கையால் பழகுவோம். ஆனால் பழகின பிறகும் அதையே நூறு தடவை தட்டுவதில் என்ன புதுப் படிப்பு இருக்கிறது? எந்த வரி உள்ளே, எந்த வரி வெளியே என்று மேக்ரோ முடிவு செய்யாது. அதை யோசிப்பது நாம்தான். தப்பான வரிகளைத் தேர்ந்தெடுத்தால், மேக்ரோ தப்பை வேகமாகச் செய்யும்.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தன் மேக்ரோவில் எந்த விசை எதற்கு என்று விளக்கத் தெரிந்தவர்களை லேபில் அதைப் பயன்படுத்த அனுமதியுங்கள். விளக்கத் தெரியாமல் அடுத்தவனுடையதை வாங்கிப் போட்டால், அதுதான் காப்பி.

விரலுக்கு ஓய்வு கொடுப்போம், மூளைக்கு வேண்டாம்!