மறுபடி பிறந்தாலும் அதே சாதியா?

இரட்சிக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெற்ற நாடார் மணமகன் தேவை. ஆர்.சி. உடையார், எம்.எஸ்ஸி., நல்ல நிறம், அதே பிரிவில் வரன் வரவேற்கப்படுகிறது. கிறிஸ்தவப் பத்திரிகைகளைப் புரட்டினால் இந்த மாதிரி வரிகள் கண்ணில் படாமல் போகாது. முதல் பக்கத்தில் மலைப்பொழிவு, கடைசிப் பக்கத்தில் மநுதர்மம். மறுபடியும் பிறந்தவங்கன்னு சொல்லிக்கிறாங்க. பிறக்கட்டும். மறுபடி பிறக்கும்போதும் அதே தெருவில், அதே சாதியில்தான் பிறக்கணுமா?

கேட்டால், "அது சமூக வழக்கம், விசுவாசத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்பார்கள். இந்தப் பேச்சு நேற்று வந்ததில்லை. 1606இல் மதுரைக்கு வந்த நொபிலி சாதியைச் சமூக ஏற்பாடு என்று வைத்துக்கொண்டுதான் மேல்சாதிக்குள் நுழைந்தார். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று எழுதியபோது தஞ்சாவூர் வேளாளக் கிறிஸ்தவர்கள் எதிர்த்து நின்றார்கள். வடக்கன்குளத்தில் வேளாளருக்கு ஒரு கூடம், நாடாருக்கு ஒரு கூடம், இரண்டுக்கும் பொதுவாய் ஒரே பீடம் என்று 1872இல் கோயிலே கட்டினார்கள். அந்தத் தடுப்புச் சுவரை 1910இல் இடித்தார்கள். கோயில் சுவர் இடிஞ்சது. கல்யாணச் சுவர்?

சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி சாகாது, கலப்பு மணமே மெய்யான மருந்து என்று 1936இலேயே அம்பேத்கர் எழுதிவிட்டார். நம்ம திருச்சபை சமபந்தி வரைக்கும் வரும். நற்கருணையே சமபந்திதானே. சம்பந்தம் என்றால் மட்டும் ஓட்டம்.

திருச்சபைச் சட்டம் திருமணத் தடைகளை வரிசையாய் அடுக்குகிறது. வயது, முந்தைய திருமணம், இரத்த உறவு, குருப்பட்டம் என்று போகிறது. சாதி அந்த வரிசையில் இல்லை. நான் சேரியில் பிறந்த கத்தோலிக்கன், வங்கியில் கிளார்க். என் மனைவி அதே மறைமாவட்டத்தில் ஊர்த்தெருவில் பிறந்தவள். இரண்டு பேரும் உறுதிபூசுதல் வாங்கினவர்கள். பங்குச் சாமியார் என்ன சொன்னார் தெரியுமா? "தடை ஒண்ணும் இல்ல தம்பி. ஆனா மூணு ஞாயிறு ஓலை வாசிச்சா ஊர்ல ரத்தம் ஓடும். பொறுமையா இருங்க." இரண்டு வருஷம் பொறுத்தோம். அவள் அப்பா சொந்தச் சாதியில் மாப்பிள்ளை கொண்டுவந்தார். நாங்கள் பதிவாளர் அலுவலகம் போனோம்.

உடனே சட்டம் விழித்துக்கொண்டது. கோயிலில் கட்டாத கல்யாணம் கல்யாணமே இல்லை, நற்கருணை கிடையாது. வேண்டுமானால் ஒரு வாரநாள் விடியற்காலையில், மணியடிக்காமல், பாட்டில்லாமல் 'சரிசெய்து' தருவார்களாம். திருடனா நாங்க? மறுத்துவிட்டோம். "எம்மக செத்துட்டா" என்று ஊரெல்லாம் சொன்ன என் மாமனார் ஒவ்வொரு ஞாயிறும் முன்வரிசையில் நின்று நற்கருணை வாங்குகிறார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. சாதியை மீறினவன் பாவி, சாதியைக் காத்தவன் விசுவாசி. இதுதான் எழுதப்படாத வேதம்.

குடும்பம் ஒரு குட்டித் திருச்சபை என்று 1964இல் வத்திக்கான் சங்கம் சொன்னது. சரிதான். அந்தக் குட்டித் திருச்சபையில்தான் சாதிக்கு ஞானஸ்நானம் நடக்குது. சாதியைக் காக்கணும்னா முதலில் பெண்ணைக் காவல் காக்கணும். யாரோடு பேசுகிறாள், எந்த பஸ்ஸில் வருகிறாள், பாடகர் குழுவில் யார் பக்கத்தில் நிற்கிறாள் என்று அப்பனும் அண்ணனும் கண்கொத்திப் பாம்பாய் நிற்கிறார்கள். மனைவி பணியணும்னு பவுல் எழுதியதைக் கல்யாணப் பூசையில் பிரசங்கிக்கிறார்கள். யூதர், கிரேக்கர் என்ற வேற்றுமையை ஒழித்து எழுதியதும் அதே பவுல்தான். ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமையில் அதை வாசிச்சா என்ன?

காகிதத்துக்குப் பஞ்சமில்லை. 2003இல் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடமே சாதியை விலக்கச் சொன்னார். 2016இல் இந்திய ஆயர் பேரவை, திருச்சபைக்குள் சாதி உண்டு என்று ஒப்புக்கொண்டு கொள்கை அறிக்கையே வெளியிட்டது. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. அதை எதிர்த்து ஆயர்களும் நம்மோடு மேடை ஏறுகிறார்கள். ஏறட்டும். டெல்லியிடம் கேட்கிற நீதியைப் பங்குத் திருமணப் பதிவேட்டில் காட்டட்டும்.

நம்ம வீட்டுக்கும் வருகிறேன். ஒரு பறையர் வீட்டில் பெண் கேட்டு அருந்ததியர் பையன் வந்தால், விடுதலை பேசுகிற தோழர்களில் எத்தனை பேர் வாயைத் திறக்கிறோம்? அங்கே பேசாத வாய்க்கு இங்கே முழங்க என்ன யோக்கியதை?

கேட்பது நான்கே. சாதிப் பெயர் போட்ட மணமக்கள் விளம்பரத்தைத் திருச்சபைப் பத்திரிகைகள் நிறுத்த வேண்டும். சாதிக்காகப் பிள்ளைகளின் கல்யாணத்தைத் தடுப்பது பாவம் என்று திருமணத் தயாரிப்பு வகுப்பில் பெற்றோரையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். திருந்தாதவருக்கு நற்கருணை இல்லை என்று பீடத்திலிருந்து அறிவிக்க வேண்டும். சாதி மீறி வருகிறவர்களுக்கு ஓலையை உரக்க வாசித்து, ஞாயிறு பெரிய பூசையில், மணியடித்துக் கட்டிவைக்க வேண்டும்.

ரத்தம் ஓடும் என்று பயமா சாமி? உங்கள் பீடத்துக்கு மேலே தொங்குகிறவர் ரத்தத்துக்குப் பயந்து ஓடினவர் இல்லை.